அக்கரை அணி விழக் கூடாது

எலாதியோ மார்சில்லாவுக்கு மாட்ரிட் மேலும் பொறாமை கிடையாது, பார்சிலோனா மேலும் கிடையாது. அவர்கள் தொலைக்காட்சியில் ஆடுகிறவர்கள். ஜெயித்தாலும் அவருக்குத் தூக்கம் வரும், தோற்றாலும் வரும். தன் பொறாமை முழுவதையும் ஒரு துளி சிந்தாமல் எப்ரோ ஆற்றின் அக்கரையில் இருக்கும் சோத்தேலா ஊர் அணிக்கென்றே வைத்திருந்தார். பாலத்தைக் கடந்தால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அவரே அளந்தது.

எங்கள் ஊர் வல்தார்சே. எங்கள் அணி ஸ்பெயின் கால்பந்தின் ஐந்தாம் படியில் ஆடுகிறது. நவார்ரா மாகாணத்துக்காரர்கள் மட்டும் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்ளும் குழு அது. சோத்தேலா நான்காம் படி. ஒரே ஒரு படிதானே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒரு படிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எலாதியோவைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார். அவர்களுக்குச் செயற்கைப் புல். எங்களுக்கு நிஜப் புல், அதாவது நவம்பருக்குப் பிறகு சேறு. அவர்கள் போகும் பஸ்ஸில் கழிப்பறை உண்டு. நாங்கள் சொந்தக் கார்களில் போகிறோம், எங்கள் கோல்கீப்பர் மாமியார் காரில். அவர்கள் குளியலறையில் பதினெட்டாவது ஆளுக்கும் வெந்நீர் வரும். எங்களுடையதில் ஆறாவது ஆள் அலறுவான். இடைவேளையில் சீட்டுக் குலுக்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். நாங்கள் பரிசாக உப்பிட்டு உலர்த்திய பன்றி முன்னங்காலைத் தொங்கவிடுகிறோம். அவர்கள் விலை கூடிய பின்னங்காலைத் தொங்கவிடுகிறார்கள்.

"பன்னிக்கே பின்னங்கால் அந்த ஊர்லதான் முளைக்குது போல," என்றார் ஒருமுறை. சிரிப்பு வரவழைக்கச் சொன்னதல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினோரு வருடங்களுக்கு முன்பு சோத்தேலாவே அவரைத் தங்களிடம் வந்துவிடும்படி கூப்பிட்டது. வெந்நீர், பஸ், பின்னங்கால் எல்லாம் கையெட்டும் தூரத்தில் வந்து நின்றன. எலாதியோ மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றார்.

அவர் எங்கள் அணியின் பொறுப்பாளர். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர் பட்டியலை எழுதி நடுவரிடம் கொடுப்பவர், நடுவருக்குக் காப்பி கொண்டுவருபவர், கையில் பட்டை கட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர். இளமையில் ஒன்பது வருடம் கோல்கீப்பராக நின்றார். இடது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. பிழைப்புக்குப் பதப்படுத்தும் ஆலையில் மெக்கானிக். வசந்தத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டு, இலையுதிர் காலத்தில் சுட்ட சிவப்பு மிளகாய். இரண்டுக்கும் டப்பா மூடுகிற இயந்திரம் அவர் சொன்னால்தான் கேட்கும். பொறுப்பாளர் வேலையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து உண்டு: ஒரு பொறுப்பாளரால் ஆட்டத்தை ஜெயிக்க வைக்க முடியாது, ஆனால் தோற்க வைக்க முடியும். ஆடத் தகுதியில்லாத ஒருவன் பெயர் காகிதத்தில் ஏறினால் போதும், எதிரணி மனுப்போடும். களத்தில் ஆறு கோல் அடித்திருந்தாலும் மேசையில் மூன்று பூஜ்யத்தில் தோல்வி. இருபத்தொன்பது வருடத்தில் எலாதியோவின் காகிதத்தில் அப்படி ஒரு தவறு நடந்ததில்லை. இதற்காக அவரை யாரும் பாராட்டியதும் இல்லை. நடக்காத விஷயத்துக்கு எப்படிப் பாராட்டுவது?

சோத்தேலாவின் பொறுப்பாளர் பெயர் தெமெத்ரியோ ஓரோஸ். பிறந்தது எங்கள் தெருவில். எலாதியோ கோல்கீப்பராக நின்ற காலத்தில் அவருக்கு முன்னால் தடுப்பாட்டம் ஆடியவன். எண்பத்தொன்பதில் சோத்தேலாப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினான். அடுத்த வருடமே சோத்தேலா மேலே ஏறியது. பெண் விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெண்ணை எலாதியோ முதன்முதலில் பார்த்ததே கல்யாணத்தன்றுதான். அவரால் தாங்க முடியாதது வேறு. தெமெத்ரியோ ஆட்டத்துக்குப் பேனா இல்லாமல் வருவான். நடுவரிடமே கடன் வாங்குவான். போன காகிதம் எங்கே என்றால் மனைவியின் கைப்பையில் இருக்கும். அப்படிப்பட்டவனுடைய அணி நான்காம் படியில். எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கிறவருடைய அணி ஐந்தில்.

இதைவிட மோசமானது, தெமெத்ரியோவுக்கு எலாதியோவைப் பிடிக்கும். எங்கே பார்த்தாலும் கட்டிப்பிடிப்பான். வருடா வருடம் மே மாதம் தன் தோட்டத்து அஸ்பாரகஸில் கட்டைவிரல் தடிமனுள்ளதாகப் பார்த்து ஒரு கட்டு அனுப்புவான். எலாதியோ அதை முழுவதும் தின்றுவிட்டுக் கசக்கிறது என்பார்.

"கசக்குதுன்னா எனக்கு ரெண்டு வச்சிருக்கலாமே," என்பாள் மனைவி பூரி.

"உனக்கு எதுக்கு கசப்பு?"

போன பருவத்தில் ஜனவரியிலிருந்து சோத்தேலா தோற்க ஆரம்பித்தது. ஆலையில் எலாதியோ சீட்டியடித்ததை அந்த வருடம்தான் நாங்கள் கேட்டோம். மார்ச்சில் அவர்கள் சொந்த மைதானத்திலேயே நாலு கோல் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, மதுக்கடையில் இருந்த எல்லாருக்கும் தன் செலவில் ஒரு வெர்முத் வாங்கிக்கொடுத்தார். விசேஷம் என்ன என்று கேட்டதற்கு வெயில் நன்றாக இருக்கிறது என்றார். அன்று தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் நிலைமையும் ஒன்றும் பிரமாதம் இல்லை. மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கடைசி ஆட்டத்தைச் சமன் செய்து, பட்டியலில் கீழிருந்து நான்காவதாக முடித்தோம். கீழே இறங்குவது கடைசி மூவர். ஆகவே தப்பித்துவிட்டோம் என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். கிளப் தலைவி நெகானே மட்டும் கட்டிப்பிடிக்கவில்லை. அவள் ரொட்டிக்கடைக்காரி, விடிகாலையில் எழுகிறவர்களுக்கு உள்ள கெட்ட பழக்கம் அவளுக்கும் உண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிடுவாள்.

"நாளைக்கு சோத்தேலா ஜெயிச்சாகணும்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. அவங்க நாலாவது படியிலருந்து விழுந்தா எங்க வந்து விழுவாங்க? நவார்ரா அணி நவார்ரா குழுவுக்குத்தான் வரும். நம்ம தலை மேல. ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போகணும். கடைசி மூணு பேரோட நாலாவதும் சேர்ந்து போகும். அந்த நாலாவது யாரு?"

எங்களிடையே இதற்கு இழுப்பு என்று பெயர். மேலே ஒருவன் வழுக்கினால் கீழே இருப்பவன் காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். எல்லாருக்கும் தெரிந்த விதி. யாருக்கும் ஞாபகம் வராத விதி.

"எலாதியோ, நீங்க சொல்லுங்க. சரிதானே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விதி அப்படித்தான் இருக்கு," என்றார் எலாதியோ.

"எப்பத்திலருந்து உங்களுக்குத் தெரியும்?"

"மார்ச்."

"மார்ச்லதானே அவங்க தோத்ததுக்கு எல்லாருக்கும் வெர்முத் ஊத்துனீங்க?"

"அது வேற."

நெகானே மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "கீழ போனா பதினாலு பசங்க வேற கிளப்புக்குப் போயிடுவாங்க. எங்கிட்ட நேராவே சொல்லிட்டாங்க. மிச்சம் நாலு பேரு. நாலு பேரை வச்சு மூஸ் சீட்டு ஆடலாம், ஃபுட்பால் ஆட முடியாது. கிளப்பை மூடிட்டு சாவியை ஊராட்சில கொடுத்துட வேண்டியதுதான். அதனால நாளைக்கு பன்னெண்டு மணிக்கு எல்லாரும் அந்தப் பக்கம் வர்றோம். தொண்டையோட."

ஞாயிறு பதினொன்றரைக்கு வல்தார்சே பாலத்தைக் கடந்தது. பிரார்த்தனை ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு பேர் வருவதில்லை. சோத்தேலாவின் நிறம் பச்சை. பூரி ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"இது என்ன?" என்றார் எலாதியோ.

"பச்சை இல்லய்யா. ஆலிவ்."

வாசலில் தெமெத்ரியோ நின்றிருந்தான். எங்களிடம் டிக்கெட் வாங்க மறுத்தான், எல்லாரையும் கட்டிப்பிடித்தான், எலாதியோவை இரண்டு முறை. "வருவேன்னு எனக்குத் தெரியும்டா! எங்க வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், எலாதியோ வராம இருக்கமாட்டான்னு!"

"காரணத்தோடதான் வந்திருக்கோம்," என்றார் எலாதியோ.

"நட்புக்குக் காரணம் எதுக்குடா?"

கூரை போட்ட அரங்கில் உட்கார்ந்தோம். இருக்கைகளுக்கு முதுகு சாயப் பலகை இருந்தது. எலாதியோ கடைசிவரை சாயவில்லை.

எதிரணி அரகோன் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு புள்ளி கிடைத்தால் அவர்கள் பிழைப்பார்கள், சோத்தேலா விழும். சோத்தேலா ஜெயித்தால் விழுவது அவர்கள். அவர்களுடைய பொறுப்பாளர் ஒல்லியான மனிதர். மடியில் ஒரு நீலக் கோப்பு. ஆட்டத்தைப் பார்ப்பதைவிட அதிகமாகக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எலாதியோவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

எழுபதாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் சூரியகாந்தி விதையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தோம். அப்போது சோத்தேலாவின் நடுக்கள ஆட்டக்காரன், முப்பது வயதுக்காரன், தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்துக் கைகாட்டினார். இளைஞர் அணிப் பையன் உனாய் எழுந்து சட்டையைக் கழற்றினான். மின்னல் மாதிரி ஓடுகிறவன். அரங்கம் எழுந்து கைதட்டியது, எங்களவர்களும் தட்டினார்கள்.

எலாதியோ தட்டவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்றாள் பூரி. "பேயறைஞ்ச மாதிரி இருக்கு மூஞ்சி."

"ஒண்ணுமில்ல."

"சந்தோஷமா இருக்கற மாதிரியும் இருக்கு."

"அஞ்சு பேரு," என்றார் எலாதியோ, குரலைத் தாழ்த்தி. "களத்துல எப்பவும் குறைஞ்சது ஏழு பேரு முதல் அணி லைசென்ஸோட இருக்கணும். இளைஞர் அணி லைசென்ஸ் நாலுக்கு மேல கூடாது. உள்ள இப்பவே நாலு பேர் இருக்காங்க. இந்தப் பையன் கால் வச்சா அஞ்சு. அந்த நீலக் கோப்புக்காரனுக்கும் தெரியும், பாரு, பக்கத்தைப் புரட்டிட்டு நிறுத்திட்டான். இவங்க இனிமே பத்து கோல் அடிச்சாலும் சாயங்காலமே மனுப்போடுவான். ஆட்டம் போச்சு."

"தெமெத்ரியோவுக்குத் தெரியாதா?"

"அவன் மூணுன்னு எண்ணியிருக்கான்."

"அப்ப போய்ச் சொல்லு!"

"சொல்லத்தான் போறேன்."

"எப்ப?"

"இப்ப."

எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து வருடங்களாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். சோத்தேலா விழ வேண்டும். அதுவும் தெமெத்ரியோவின் கையாலேயே, தெமெத்ரியோவின் காகிதத்தாலேயே விழ வேண்டும். அதற்கு அவர் எதுவும் செய்யத் தேவையில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும், அதுவும் முதுகுப் பலகை வைத்த இருக்கையில். ஒரு மனிதனுக்கு அவன் விரும்பியது இவ்வளவு வசதியாக வந்து சேருவது அபூர்வம். சேரும்போது தன் கிளப்பையும் சாவியோடு சேர்த்துக் கேட்பது அதைவிட அபூர்வம்.

"எலாதியோ. நம்ம கிளப்பு போயிடும்யா."

"தெரியும்டி. ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன்."

"எதைப் பார்க்கப் போற?"

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெஞ்சை. மாற்று ஆட்டக்காரர் சீட்டை எழுத தெமெத்ரியோ சட்டைப்பையைத் தடவினான், கால்சட்டைப் பையைத் தடவினான், பேனா இல்லை. உதவிப் பயிற்சியாளரிடம் கேட்டான். அவரிடமும் இல்லை. மருத்துவப் பெட்டியைத் திறந்து தேடினான். எலாதியோ அந்த முழுக் காட்சியையும், நல்ல சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர் மாதிரி நிதானமாக, பார்த்து முடித்தார். பிறகு எழுந்து படிகளில் இறங்கிப் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தெமெத்ரியோ!"

"வாடா, வாடா! நல்ல நேரத்துல வந்தே. பேனா வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். தரமாட்டேன். அந்தப் பையனை இறக்காதே. அஞ்சாவது ஆளாயிடுவான்."

"நாலாவதுடா. உள்ள மூணு பேருதான்."

"நாலு. ஐத்தோரை விட்டுட்டே."

"ஐத்தோரா?" தெமெத்ரியோ களத்தைப் பார்த்தான். ஐத்தோருக்குப் பத்தொன்பது வயது, நெஞ்சுவரை தாடி. அணியில் எல்லாரும் அவனை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "அவனுக்கு எவ்ளோ தாடி பாரு!"

"தாடிக்கு லைசென்ஸ் கொடுக்கறதில்ல. அவனோடது இளைஞர் அணி லைசென்ஸ்தான். ஜனவரியில மாத்த அனுப்புனீங்க. டாக்டர் கையெழுத்து இல்லன்னு திரும்பி வந்துச்சு. அப்புறம் நீ அனுப்பவே இல்ல."

தெமெத்ரியோவின் வாய் திறந்தது. ஜனவரி மாதக் காகிதம் யாருடைய கைப்பையில் இருக்கிறது என்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பெஞ்சில் இருந்த ஏழு பேரும் திரும்பிவிட்டார்கள். பயிற்சியாளர் கத்தினார்: "யாருய்யா இந்தாளு? மாத்தப் போறோமா இல்லையா?"

"நம்ம எலாதியோ. வல்தார்சேக்காரன்," என்றான் தெமெத்ரியோ பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையான ஆச்சரியத்தோடு: "டேய், அந்தப் பேப்பர் திரும்பி வந்தது எங்க தலைவருக்கே தெரியாது. உனக்கு எப்படிடா தெரியும்?"

முப்பத்தைந்து வருடத்துப் பொறாமையின் முழு விவரமும் கேட்கப்பட்ட இடம் இதுதான். ஏழு பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேள்விப்பட்டேன்," என்றார் எலாதியோ. காது மடல் சிவந்துவிட்டது. "ஆளை மாத்து. பாசிலியோவை இறக்கு. அவன் முதல் அணி லைசென்ஸ்தான்."

"பாசிலியோ உடம்பைச் சூடு பண்ணவே இல்லையே!" என்றார் பயிற்சியாளர்.

பாசிலியோ பெஞ்சின் கோடியில் இருந்தான். முப்பத்தெட்டு வயது, ஆலையில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவனை யாரும் களத்தில் பார்த்ததில்லை. "நான் ரெடி," என்று சூரியகாந்தித் தோலைத் துப்பிவிட்டு எழுந்தான்.

எலாதியோ தன் பேனாவைக் கம்பிக்குள் நீட்டினார். தெமெத்ரியோ சீட்டை எழுதினான். உனாய் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான், அரங்கம் ஊளையிட்டது. எதிர்ப்பக்கத்தில் ஒல்லி மனிதர் நீலக் கோப்பை மூடினார். எலாதியோவும் அவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். அந்த மைதானத்தில் நடந்தது என்ன என்று புரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான், எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தார்கள் என்பது மட்டும் ஒரு குறை. தெமெத்ரியோ பேனாவைத் தன் சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டு, கம்பி வழியாகக் கையை விட்டு எலாதியோவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டான்.

மேலே வந்தவரிடம் பூரி கேட்டாள். "சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"முத்தம் கொடுத்தான்."

பூரி சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். "அப்புறம் எதுக்கு இப்படி உட்கார்ந்திருக்க? நல்ல காரியம்தானே பண்ணியிருக்க."

"அதான்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. பாசிலியோ ஓடவில்லை, ஓட்டம் தன்னிடம் வரும் என்று நம்புகிறவன் மாதிரி ஒரே இடத்தில் நின்றான். எண்பத்தேழு. எண்பத்தெட்டு. நெகானே கண்ணை மூடிக்கொண்டாள். சோத்தேலாவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஐத்தோர் தாடி பறக்க ஓடிப்போய் அடித்தான். பந்து கோல் வாசலில் குவிந்திருந்த கூட்டத்துக்கு மேலே வந்தது. பத்துப் பேர் எம்பினார்கள். எம்பாமல் நின்றவன் பாசிலியோ ஒருவன்தான். பந்து அவன் தோளில் பட்டு, கோல்கீப்பர் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கமாக உருண்டு உள்ளே போனது.

எங்கள் ஊர் மொத்தமும் எழுந்தது. வல்தார்சேக்காரர்கள் சோத்தேலாவின் கோலுக்காக அழுததை அன்று பார்த்தேன். பூரி முன்பின் தெரியாத சோத்தேலாக்காரர் ஒருவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சிறிது நேரத்தில் இறுதி விசில் ஊதியது. கிளப் பிழைத்தது, பதினாலு பையன்களும் பிழைத்தார்கள், சாவி நெகானேயின் இடுப்பிலேயே இருந்தது. அவள் கண்ணீரோடு திரும்பி எலாதியோவின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

எலாதியோ உட்கார்ந்தே இருந்தார்.

"ஆஃப்சைடு," என்றார்.

"என்னது?"

"பாசிலியோ. ஆஃப்சைடுல நின்னான்."

"கார்னர் அடிச்சா ஆஃப்சைடு கிடையாதே, எலாதியோ!"

"இருபத்தொம்பது வருஷமா இந்த வேலையில இருக்கேன், எனக்குத் தெரியாதா? கிடையாதுதான்." களத்தில் தெமெத்ரியோவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவன் அங்கிருந்தே அரங்கைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தான். எலாதியோ அதைக் கடைசிவரை பார்த்தார். "இருந்தாலும் ஆஃப்சைடுதான்."